உளுந்துச் செடி மேல் ஒரு டர்போ வண்டி

எண்பதுகளில் என்னோடு கடலூர் முதுநகரில் பள்ளிக்கூடம் போனவர்களே, இப்போது உங்களில் பலர் வீட்டு வாசலில் பிள்ளையின் பைக் ஒன்று நிற்கும். பின்சீட்டு பரண் மாதிரி உயரத்தில் இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது. போன மாதம் சிதம்பரம் புறவழிச்சாலையில் விழுந்தது. என் மகனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண், அவனோடு படிப்பவள், அவளுக்குக் கணுக்காலுக்கு மேல் இரண்டு எலும்பும் முறிந்தன. ஆஸ்பத்திரி நடைவழியில் அவளுடைய அப்பா என் மகனைக் கேட்டார்.

"எப்பிடிப்பா ஆச்சு?"

"அவ அசைஞ்சிட்டா அங்கிள்."

எனக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. அடிபட்ட பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாய்க்கு வரக்கூடாத வெறுப்பு. அவன் சொன்னது பொய் என்று அந்த நொடியே தெரிந்தது. ஏனென்றால் நாற்பது வருஷத்துக்கு முன்னால், அதே சிதம்பரத்தில், இன்னொரு ஆஸ்பத்திரி நடைவழியில், அதே பொய்யை நான் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்துகூட இல்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துக் காதுக்கு வந்தது: அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்தப் போகிறாராம் அவள் அப்பா. "வண்டில ஒழுங்கா உக்காரத் தெரியாதவளுக்கு வெளியூர்ப் படிப்பு ஒரு கேடா?" என்றாராம். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எங்கள் வீட்டில் அப்போது நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். பௌதிகத்தில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். அத்தையின் புருஷன், என் மாமா, சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஃபிட்டர். அவர் வீட்டுக்குள் வந்தால் ஆளுக்கு முன்னால் வாசனை வரும். அழுகிய முட்டையும் பினாயிலும் கலந்த மாதிரி ஒன்று. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இன்றைக்கும் ஆலை வழியாகப் பஸ்ஸில் போகும்போது அந்தக் காற்று அடித்தால், மாமா பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

மாமாவிடம் முன்னூற்றைம்பது சி.சி. பைக் ஒன்று இருந்தது. அதுவரை அது சாதுவான வண்டி.

கெடுத்தது ஒரு பத்திரிகை. முதுநகரில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது ஆங்கில மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தார். வழுவழு காகிதம். மண்ணெண்ணெயும் புது மையும் கலந்த மணம். நடுப்பக்கத்தில் ஒரு ஜப்பான் வண்டி, முன்பக்கம் முழுக்கக் கூடு போர்த்தி, பக்கவாட்டில் பெரிதாக 'டர்போ' என்று எழுதியிருந்தது. மாமா அதை இரவல் வாங்கி வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயில் விரித்து வைத்தார்.

"புகையா வெளிய போறது சும்மாதான போவுது மச்சான்? அத வச்சே ஒரு சக்கரத்த சுத்த வுடறான். அதே அச்சுல இன்னொரு சக்கரம். அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காசில்லாத பலம்!"

அப்பா ஏதோ புரிந்த மாதிரி, "ஜப்பான்காரன் மூளையே மூளை மாப்ள" என்றார்.

அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "புகை ஜாஸ்தியானாத்தான சக்கரம் சுத்தும்? நீங்க முறுக்குன உடனே சுத்தாது. கொஞ்சம் பொறுத்துத்தான் சுத்தும். அதுக்குள்ள ரோட்டுல எது குறுக்க வரும்னு யாருக்குத் தெரியும்?"

"பி.எஸ்சி. பேசுது" என்றார் மாமா. அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை சொன்னது, அந்த வண்டிகளைப் பற்றி உலகம் முழுக்கப் பின்னால் சொன்ன பெரிய குற்றச்சாட்டு. எங்கள் கூடத்தில் அதற்கு எழுந்தது சிரிப்பு.

அந்த வரலாறு எனக்குத் தெரிந்தது என் மகனால். சோற்றைப் பிசைந்துகொண்டே புராணம் மாதிரி சொல்வான். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பெரிய வண்டிக்கு டர்போ பூட்டி விற்றார்களாம். இன்ஜின் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று வாங்குகிறவனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். பிறகு ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் போட்டியில் ஆளுக்கொன்று இறக்கின. நாலைந்து வருஷத்தில் நான்குமே நிறுத்திவிட்டன. கனம் அதிகம், விலை அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாமதம். முறுக்கினால் ஒன்றும் வராது. அலுத்துப்போய் இன்னும் முறுக்கினால், வளைவின் நடுவில் மொத்தமும் ஒன்றாக வரும். டர்போ இல்லாத பெரிய இன்ஜின் அதைவிட லேசாக, சொன்ன பேச்சு கேட்டு ஓடியது. "ஆனா என்னா கெத்தும்மா அது!" என்று முடிப்பான். செத்துப்போன சண்டியரைப் பற்றிப் பேசும்போது சிலர் முகத்தில் ஒரு பளபளப்பு வருமே, அது அவன் முகத்தில் வரும். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். ஆலையில் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்றைக் கழித்துக் கட்டினார்கள். அதன் டர்போவை, கிட்டத்தட்ட ஒரு குடம் பருமன் இருக்கும், மாமா பழைய இரும்புக் கடையில் பிடித்துவிட்டார். தை, மாசி இரண்டு மாதமும் மாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் லேத் பட்டறைதான். குழாய் வளைத்தார்கள், வெல்டிங் வைத்தார்கள், எண்ணெய் போக ஒரு செம்புக் குழாய் இழுத்தார்கள். பெட்ரோல் டேங்கின் முன்நுனியில், டர்போ தள்ளும் காற்றை அளக்க, ஆலையிலிருந்து கொண்டுவந்த அழுத்தமானி ஒன்றைப் பட்டைபோட்டு இறுக்கினார்கள். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், சிவப்பு முள். அதைப் போல ஒரு அழகான பொருளை நான் அதுவரை தொட்டதில்லை.

முதல் ஓட்டத்துக்குத் தெருவே கூடியது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம். டர்போவுக்கும் பொட்டு வைத்தார்கள்; இரண்டே நிமிஷத்தில் சூட்டில் கருகிப் புகைந்தது. நீலப் புகை, கருகிய எண்ணெய் வீச்சம். குழாய் மங்கலாகச் சிவந்தது. மாமா என்னை டேங்க் மேல் தூக்கி உட்கார வைத்தார். "பாப்பாதான் நம்ம மீட்டர் ரீடர். முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே வரணும், தெரிதா?"

"சைபர்!" என்றேன். வண்டி நகர்ந்தது. "சைபர்... சைபர்..." பிறகு எங்கிருந்தோ நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு விசில். முள் துடித்து எழுந்தது. "வருது மாமா!" வயிறு பின்னால் ஒட்டிக்கொண்டது. உப்பங்கழிப் பக்கத்துக் காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்ப வைத்தது.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதும் மற்றதெல்லாம் பொய். எனக்கு அது பிடித்திருந்தது. வலது கெண்டைக்கால் டர்போவில் பட்டுத் தோல் வழன்றது. அதைக்கூட அம்மாவிடம் மறைத்தேன், மாமா மறுநாளும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

பங்குனியில் அத்தைக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அறிவியல் ஆசிரியை வேலை, காலை பத்தரைக்கு நேர்முகத் தேர்வு. அவள் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாள் என்று எண்ண முடியாது. பச்சை ரெக்சின் ஃபைலில் சான்றிதழ்களை அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். ஏழரை மணி பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு.

முந்தின நாள் எங்கள் வீட்டில் மாமா பேச்சை எடுத்தார். "வூட்ல டர்போ வண்டி நிக்குது. எம் பொண்டாட்டி பஸ்ல தொங்கிக்கிட்டுப் போவாளா? சிதம்பரம் முக்கா மணி நேரம்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, நான் பஸ்லயே போறேன். அந்த வண்டி எப்ப ஓடும் எப்ப பாயும்னு அவுங்களுக்கே தெரியல."

அப்பா செய்தித்தாளைக் கீழே வைக்கவில்லை. "புருஷன் வண்டி வச்சிருக்கறப்ப நீ பஸ்ஸ்டாண்டுல நின்னா நாலு பேர் இன்னாம்மா நெனைப்பான்? மாப்ளைக்கு மரியாதை வேணாமா?"

அம்மா மட்டும் மெல்ல, "அது நாளைக்கு ஒரு நாளாவது பஸ்ல போவட்டுங்க" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம்: வீட்டில் வண்டி வந்துவிட்டால் மனைவி பஸ் ஏறுவது புருஷனுக்குக் குறைச்சல். அத்தையின் வேலையைவிட, உயிரைவிட, அந்தக் குறைச்சல் எல்லாருக்கும் பெரிதாகத் தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. மீட்டர் பார்க்க என்னையும் ஏற்றிவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையை டேங்க் மேல் வைத்து அனுப்ப, ஒரு பெரிய மனிதருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை நீலக் காட்டன் புடவை, இடது பக்கம் காலைப் போட்டு ஒருக்களித்த உட்காரல், மடியில் ஃபைல். அத்தை ஒரு கையால் மாமாவின் தோளையும் இன்னொரு கையால் சீட்டின் பின்கம்பியையும் பிடித்திருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்வரை நல்லபடியாகவே போனோம். மாமா பாடிக்கொண்டு வந்தார். முட்லூருக்குப் பிறகு, அந்நாளில் சிதம்பரத்துக்குப் புவனகிரி சுற்றித்தான் போக வேண்டும், சாலை வளைகிற இடத்தில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள்.

பங்குனியில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அறுத்த உளுந்தைக் களத்தில் அடிப்பதற்குப் பதில் தார் ரோட்டில் விரித்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். காய்ந்த செடிக்கு அடியில் உருண்டை மணிகள். சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான்.

மாமா வேகத்தைக் குறைத்தார். விசில் செத்தது. வண்டி செடிக்கு முன்னால் ஊர்ந்து திணறியது.

"பாத்துப் போங்க" என்றாள் அத்தை. "ஓரமா எறங்கி நான் நடந்துகூட வரேன்."

"உக்காருடி. முள்ளு எங்க பாப்பா?"

"சைபர் மாமா."

முறுக்கினார். ஒன்றும் வரவில்லை.

"இப்ப?"

"சைபர்தான்."

முழுக்க முறுக்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அதற்கு மேல் திருக இடமில்லை. முன் சக்கரம் செடிக்குள் ஏறியது. பின் சக்கரமும் ஏறியது. அப்போது விசில் வந்தது. "வருது!" என்று சந்தோஷமாகக் கத்தினேன். முள் ஒரே எட்டில் மேலே போனது. பின் சக்கரம் உளுந்து மணிமேல் காற்றில் சுற்றுகிற மாதிரி சுற்றி இடது பக்கம் வெட்டியது. வண்டி அத்தையின் பக்கம் சாய்ந்து, அவள் காலை அடியில் வைத்து, தாரில் தேய்த்துக்கொண்டே போனது.

நான் செடிக்குவியலில் விழுந்தேன், ஒரு காயமும் இல்லை. எழுந்து பார்த்தபோது மாமா அத்தையிடம் இல்லை. வண்டியிடம் குந்தியிருந்தார். பெட்ரோல் குழாயை மூடப் போனதாகப் பின்னால் சொன்னார். நான் பார்த்தது: அவர் டர்போவைத் தடவிக்கொண்டிருந்தார், கை சுட்டுத் துள்ளினார், மறுபடி தடவினார்.

செடி புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். வயதான ஒருத்தி வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு மாமாவைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், இரும்ப அப்பறம் கொஞ்சு! பொம்பள கெடக்கறது கண்ணுக்குத் தெரியலியா ஒனக்கு?"

அத்தை அழவில்லை. மணி என்ன என்று கேட்டாள். யாரிடமும் கடிகாரம் இல்லை. "ஃபைல எடு பாப்பா" என்றாள். எடுத்தேன். டிகிரிச் சான்றிதழ் எண்ணெயில் நனைந்து, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது.

ஒரு டிராக்டரில் ஏற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் அப்பாவும் மாமாவின் பெரியப்பாவும் வந்தார்கள். மாமா உள்ளங்கையில் கட்டோடு நடைவழியில் நின்றார். நான் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"வளைவுல இவ அசைஞ்சிட்டா மச்சான். பயந்துகிட்டு எறங்கப் பாத்தா. பேலன்ஸ் போயிடுச்சி. இல்லன்னா நம்ம வண்டி அப்பிடி வுழற வண்டியா?"

அப்பா என் முன்னால் குனிந்தார். "பாப்பா, நெஜமா சொல்லு. அத்த அசைஞ்சுதா?"

அசையவில்லை. டேங்க் மேல் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அசைந்திருந்தால் மாமாவின் தோள் இழுபட்டிருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் மாமா முறுக்கியதைச் சொல்ல வேண்டும். ஏன் முறுக்கினார் என்று கேட்பார்கள். சைபர், சைபர் என்றும், வருது என்றும் கத்தியது யார் என்று கேட்பார்கள். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் சிரித்த மாதிரிகூட. தலையை ஆட்டினேன்.

"அதானே பாத்தேன்" என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளைமேல் தப்பில்லை. அதற்குப் பிறகு அரைமணி நேரம் அந்த மூன்று ஆண்களும் வண்டியைப் பற்றிப் பேசினார்கள். ஃபோர்க் வளைந்துவிட்டதாம், டேங்க் நசுங்கிவிட்டதாம். பாவம், இரண்டு மாத உழைப்பு. உள்ளே அத்தைக்கு எலும்பைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தம் கதவு வழியாகக் கேட்டது.

அத்தையின் இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிப்போனது. அடுத்த வருஷம் வேறு பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது மாமியார் வீட்டில் சொன்னார்கள், "வண்டில ஒழுங்கா உக்காரத் தெரியல. இவ போயி நாப்பது புள்ளைங்கள உக்கார வைக்கப் போறாளாம்." சொன்னவர்கள் எல்லாருக்கும் ஒரு சாட்சி இருந்தது. சொந்த அண்ணன் மகளே சொன்னாளே. பிறகு அத்தையும் மாமாவும் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை போட்டார்கள். முப்பது வருஷம் அத்தை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்களின் டிகிரிச் சான்றிதழ்களைக் கண்ணாடிமேல் கவிழ்த்துக் கவிழ்த்து நகல் எடுத்தாள். மாமா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அப்பாவும் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில்தான். அவனை எதிரில் உட்கார வைத்துவிட்டு, மீட்டரிலிருந்து தலையாட்டல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க அசையல அத்தை. நான்தான் பொய் சொன்னேன்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடி இதச் சொல்ற? நான் அசையலன்னு எனக்குத் தெரியாதா?"

"அத்தை..."

"தெரிஞ்சிக்க வேண்டியவங்க எல்லாம் செத்துப்போயிட்டாங்க. டீ குடிக்கிறியா?"

மன்னிப்பு என்று ஒன்று கிடைக்கும் என நான் எதிர்பார்த்திருந்தேன் போல. டீதான் கிடைத்தது. அத்தை என் மகன் பக்கம் திரும்பக்கூட இல்லை. காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போனாள். அவன் அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில், நான் கேட்காமலே வாயைத் திறந்தான். "ஸ்பீட் பிரேக்கர் எறங்குன ஒடனே ஃபுல்லா முறுக்கிட்டேம்மா."

"எதுக்கு?"

"சைலன்சர்ல விசில் மாட்டியிருந்தேன். டர்போ மாதிரியே சத்தம் வரும். அது கேக்கணும்னு."

டர்போகூட இல்லை. தகரத்தில் செய்த விசில். ஒரு பெண்ணின் கால் அதற்கு ஒடிந்திருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவன்மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. என்மேல் எனக்கு இருப்பதைவிட அது குறைவுதான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் ஏறினோம். அடிபட்ட அந்தப் பெண்ணின் வீடு அந்த வழியில்தான். அவள் அப்பா நெல் மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையிலும் புருவத்திலும் தவிடு. உள்ளறையில் கட்டிலும், அதில் மாவுக்கட்டுப் போட்ட காலும் மட்டும் தெரிந்தன. நான் பேச ஆரம்பிப்பதற்குள் என் மகன் முந்திக்கொண்டான்.

"அங்கிள், அவ அசையல. நான்தான் முறுக்குனேன். ஆஸ்பத்திரில பொய் சொல்லிட்டேன்."

அவர் கத்துவார், கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையிலிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டே நின்றார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். "இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிலயே சொல்லிச்சி, நான் அசையலப்பான்னு. பொய் சொல்றியாடின்னு, கட்டு போட்டுப் படுத்திருந்தவள, நான் கை நீட்டி அடிச்சிட்டேன்."